சனம் வந்தால் நூருகிற விளக்குகள்

ஓய்வுபெற்ற பொலிஸ் சார்ஜன்ட் அப்புத்துரை பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது, ஜோசப்பின் வந்து கதிரையில் தொப்பென்று இருந்தாள். முல்லைத்தீவுக் கரையில் அவளுடைய ஒழுங்கையில் கிறிஸ்து பிறப்புக்குக் கட்டும் நத்தார் விளக்குகளைப் பார்க்க மல்லாவி, பரந்தன் என்று எங்கிருந்தெல்லாமோ சனம் வருகிறது. அதில்தான் வில்லங்கம்.

“மூண்டு நாளா இந்தக் கூத்து, ஐயா. சனம் வர என்ர வீட்டு லைற் முழுக்க நூருது, போனாப் பிறகு பத்துது. கரண்டும் போகேல்லை, குசினியில றேடியோ பாடிக்கொண்டுதான் கிடக்கு. என்ர மனுசன் சனத்துக்குத் தேத்தண்ணி போட உள்ளுக்குப் போவார். நான் படலையில இருட்டுக்குள்ள நிண்டு பல்லைக் காட்டுறன்.”

“லைற் வித்தது ஆர்?”

“றவூப். பழுதான சாமானைத் தந்து ஏமாத்திப்போட்டான் எண்டு கோயில் வாசல்ல எல்லாருக்கும் சொல்லிப்போட்டன். இப்ப அவன்ர கடைக்கு ஒருத்தரும் போறேல்லை.” அதைச் சொல்வதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

பின்னேரம் அப்புத்துரை தன் மைத்துனி இரஞ்சிதத்துடன் போனார். துப்பு என்றால் சோற்றையும் மறக்கிறவள் இரஞ்சிதம். “வயர்லதான் பிழை, அத்தான்,” என்று ஒவ்வொன்றாகத் தடவத் தொடங்கினாள். அவரோ விளக்குகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எதிர் வீட்டைப் பார்த்தபடி நின்றார். அங்கே ஒரு விளக்கும் இல்லை.

“அது டிலுசா வீடு,” என்றாள் ஜோசப்பின். “புருசன் டிலக்ஸன் ஆடியில எங்கட படகில கடலுக்குப் போய்ச் செத்தவன். ஏன் அங்க லைற் இல்லை எண்டு வாற சனமும் கேக்கும். நான்தான் முழுக்கதையும் சொல்லுறனான்.”

அன்றும் ஒரு வான் நிறையச் சனம் வந்தது, அன்றும் விளக்குகள் நூர்ந்தன. வான் போனதும் பத்தின. அப்புத்துரை றவூப்பைக் கூப்பிட்டனுப்பினார். ஜோசப்பினின் கணவன் கொலின்சையும் முற்றத்துக்கு வரச் சொன்னார்.

“பழுதான லைற்றுக்குச் சனம் வாறது தெரியாது,” என்றார். “றேடியோ பாடினபடியால் கரண்டும் போகேல்லை. ஆரோ பிளக்கைக் கழட்டுறார். பிளக் இருக்கிறது குசினியில. தங்கச்சி, வந்த சனத்தில ஆருக்காவது தேத்தண்ணி கிடைச்சதோ?”

ஒரு கோப்பைகூட வெளியே வரவில்லை. ஜோசப்பின் மெல்லக் கணவன் பக்கம் திரும்பினாள்.

“முதல் நாள் வந்த சனத்துக்கு நீ கதை சொல்லச் சொல்ல, அவை டிலுசான்ர வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்தவை,” என்றான் கொலின்ஸ், தலையைக் குனிந்தபடி. “அவள் அழுதுகொண்டு கதவைச் சாத்தினவள். லைற் இல்லாட்டில் சனம் நிக்காது. நீ ஆசைப்பட்டுக் கட்டினது, மற்ற நேரம் எரியட்டும் எண்டு விட்டன். டிலக்ஸன் என்ர படகில வந்தவன். உன்னட்டைச் சொல்லவும் வெக்கமாக் கிடந்தது.”

ஜோசப்பினுக்கு முகம் கொதித்தது. அந்தக் கதையைத் தான் எவ்வளவு இரசித்துச் சொன்னாள் என்பது இப்போதுதான் உறைத்தது.

“எனக்குத் தெரியும்,” என்றார் றவூப். “லைற் பழுதோ எண்டு பாக்க வந்தண்டைக்கு, தம்பி பிளக்கைக் கழட்டினதை யன்னலுக்கால கண்டனான்.”

“பிறகேன் பேசாமல் இருந்தனீங்கள்?” என்று இரஞ்சிதம் கேட்டாள்.

“புருசன் பெண்சாதிக்குள்ள நான் ஏன் சண்டை மூட்டுவான்?”

“நாளைக்குப் பூசை முடிய அதே கோயில் வாசல்ல சொல்லுறன்,” என்றாள் ஜோசப்பின்.

“லைற் நல்லதெண்டு சொன்னாக் காணும். தம்பீன்ர பேரை எடுக்காதேங்கோ,” என்றார் றவூப்.

“எடுக்கமாட்டன். என்ர பேரைத்தான் எடுப்பன்.”

றவூப்புக்குச் சொல்ல இவ்வளவாவது வாயில் வந்தது. எதிர் வீட்டுக்குப் போய் என்ன சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.