லாபத்தில் முடிய வேண்டிய படிக்கட்டு

கடைசிப் படியில் கால் வைத்தபோது புருஷோத்தமனின் வாய் ‘நஷ்டம்’ என்றது.

அப்படி வரக் கூடாது. முதல் படி லாபம், இரண்டாவது நஷ்டம் என்று எண்ணிக்கொண்டே ஏறினால் கடைசிப் படி லாபத்தில் முடிய வேண்டும். அதற்குப் படிகள் ஒற்றைப்படையாக இருக்க வேண்டும். வடக்குப்பட்டில் மூன்று படி வைத்துக் கட்டுகிறவன்கூட இதைப் பார்த்துத்தான் கட்டுவான். புருஷோத்தமன் வீட்டில் பத்தொன்பது படிகள். இரண்டு வருடமாக ஏறும்போதெல்லாம் எண்ணுகிறார். இன்று இருபது.

இறங்கி மறுபடி ஏறிப் பார்த்தார். இருபதுதான்.

நிலத்தைத் தொழிற்பேட்டைக்குக் கொடுத்த கையோடு கட்டிய வீடு அது. உண்மையில் கட்டியது படிக்கட்டைத்தான். சுற்றி வீடு ஒன்றும் வந்து சேர்ந்தது. ஒற்றைத் தூணைச் சுற்றி ஏறும் சுருள் படி அவருக்கு ஆகவில்லை, தண்ணீர்த் தொட்டிக்குப் போகிற வழிபோல இருக்கிறதாம். அரைவட்டப் படி தண்டலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஏற்கெனவே இருந்தது, எனவே அதுவும் கூடாது. தூணே இல்லாமல், கூடத்தின் நடுவில் கான்கிரீட் நாடா ஒன்று காற்றில் வளைந்து மேலே போக வேண்டும். இன்ஜினியர் ரகு கம்பியை வளைத்து வளைத்துப் பதினெட்டுப் படியில் மாடியைத் தொட்டுவிட்டார். கிரகப்பிரவேசத்துக்கு நான்கு நாள் முன்பு எண்ணிப் பார்த்த புருஷோத்தமன், மாடித் தரை வந்த பிறகும் அதற்கு மேல் இன்னொரு படி வைக்கச் சொன்னார். ஏறிய உடனே இறங்க வேண்டிய படி. எங்கேயும் போகாத அந்தப் படி கணக்கை லாபத்தில் முடித்தது. மூன்றாம் மாதம் அவர் மனைவி சரோஜாவின் முழங்காலையும் முடித்தது.

கட்டுப் பிரித்த பிறகு சரோஜா கேட்டது ஒன்றுதான். கீழ் அறையில் படுத்துக்கொள்ளலாம். அது விருந்தாளிகளுக்கு என்றார் இவர். அவள் வாலாஜாபாத்தில் மகள் ஜோதி வீட்டுக்குப் போய் ஒன்றரை வருடமாகிறது. விருந்தாளி என்று ஒருவர் வரவில்லை.

மறுநாள் இருபத்திரண்டு. வெள்ளிக்கிழமை இருபத்தாறு. எப்போதும் நஷ்டம். கூரை உயரவில்லை, தரை இறங்கவில்லை. கம்பெனி பஸ்கள் போகும்போது ஜன்னல் கண்ணாடி எப்போதும்போல நடுங்கியது. நடுவில் எங்கோ, வளைவின் மறைவில், படிகள் ஒன்றுக்கொன்று இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்துகொண்டிருந்தன. ரகுவுக்குப் போன் செய்தார். மறுமுனையில் சிரிப்பு.

“சார், கான்கிரீட்டு இன்னா குட்டியா போடும்?”

மாவட்டத்திலேயே இப்படி ஒன்று கிடையாது என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தவர் வேறு யாரிடம் போய்ச் சொல்வது? அன்று மாலை சரோஜாவைக் கூப்பிட்டார். கீழேயே படுத்துக்கலாம், வந்துடு என்றார். அவள் சொன்னாள்.

“ஞாயித்துக்கெழம வர்றேன். இந்த தபா திரும்பிப் போனா, அப்பால வரமாட்டேன்.”

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்வரை அவர் மாடிப் பக்கம் போகவில்லை. கீழ் அறையைப் பெருக்கி, ஒட்டடை அடித்து, கட்டிலுக்கு விரிப்பும் போட்டார். ஐந்து மணிக்குத்தான் அவளுடைய தலையணை நினைவுக்கு வந்தது. இலவம்பஞ்சு, அது இல்லாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினார். பத்தொன்பது. லாபம். புருஷோத்தமன் தனியாகச் சிரித்துக்கொண்டார்.

தலையணையை எடுத்தபோது வாசலில் ஆட்டோ நின்றது. ஜன்னலில் எட்டிப் பார்த்தார். சரோஜா கேட்டைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை மட்டும் ஊன்றி நின்றாள். இளைத்திருந்தாள்.

“இன்னாய்யா, மேல நின்னுகினு பாக்கற? எறங்கி வந்து கதவத் தொற.”

வந்துட்டேன் என்று இறங்கினார். வலது கையில் கைப்பிடி, இடது கையில் தலையணை, கூடத்தில் ஓடவிட்டு வந்த மின்விசிறியின் சத்தம் கீழிருந்து வட்டம் வட்டமாக ஏறி வந்தது, டிவியின் மூலை ஒன்று வளைவுக்கு அப்பால் எட்டிப் பார்த்துவிட்டு மறைந்தது, இன்னும் நான்கு படியில் சோபா தெரிய வேண்டும். தெரியவில்லை. பத்தொன்பதைத் தாண்டினார். முப்பதைத் தாண்டினார். மின்விசிறிச் சத்தம் இப்போது தலைக்கு மேலே கேட்டது.

திரும்பி ஏறலாம் என்று பார்த்தார். மேலேயும் வளைவுதான்.

வெளியே ஆட்டோக்காரன் கேட்பது சுவருக்குப் பின்னால் துல்லியமாகக் கேட்டது.

“அக்கா, வெயிட்டிங்கா, ரிட்டனா?”

சரோஜா கேட்டின் கொண்டியை ஒருமுறை தட்டினாள். இன்னொரு முறை. அவர் ஓடினார். சரோஜா, இரு, வந்துகினே கீறேன் என்று கத்தினார். அந்தக் குரல் முதல் வளைவில் மோதி அவர் காலடியிலேயே விழுந்தது. ஐம்பதாவது படியோடு கிரானைட் முடிந்தது. அதன் பிறகு பூசாத சிமென்ட். கைப்பிடி இல்லை. ஈரச் சுண்ணாம்பு வாசனை.

“பாத்துட்டுத்தானே உள்ள போன,” என்றாள் சரோஜா. கோபமே இல்லாத குரல். பிறகு ஆட்டோவிடம்: “ரிட்டனுதான். போலாம்.”

ஆட்டோ கிளம்பியது. திரும்பியது. வாலாஜாபாத் பக்கம் போய்க் கரைந்தது.

புருஷோத்தமன் உட்கார்ந்தார். தலையணையை மடியில் வைத்துக்கொண்டார். மூச்சு அடங்கட்டும். எழுந்து ஏறிவிடலாம். ஏறினால் ஜன்னல் இருக்கும். கூப்பிட்டால் ரோட்டில் யாருக்காவது கேட்கும்.

எழ முடியவில்லை.

கீழ்ப்படி கஞ்சிபோல இருந்தது. பாதம் உள்ளே இருந்தது. கணுக்காலும். இழுத்தார். சில்லென்று இன்னும் கொஞ்சம் ஏறியது. உட்கார்ந்திருந்த படி மெல்ல இளகி இடுப்பைச் சுற்றி வந்தது. வலி இல்லை. பாரம்தான். தலையணை அதில் ஒட்டிக்கொண்டது. கத்த வாயைத் திறந்தார். சிமென்ட் தூள்.

முதுகில் ஏதோ பட்டது.

ஈரச்சாக்கு. புதுக் கான்கிரீட்டுக்குப் போடுவார்களே, அப்படி. யாரோ பின்னாலிருந்து அதைத் தலையோடு சேர்த்து விரித்தார்கள். நிதானமாக. சுருக்கமில்லாமல். ஓரங்களைத் தட்டித் தட்டி ஒதுக்கினார்கள். மேலே ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினார்கள்.

அப்புறம் ஒரு வெறுங்கால், தாங்குகிறதா என்று பார்ப்பதுபோல, அவர் தோளில் ஏறி நின்றது.