பக்கத்து வீட்டுச் சுருதி

“பக்கத்து வீட்டுல வாசிக்கிறவங்களைக் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்றீங்களாம்மா? கம்பி அதிர்றது சரியாக் கேக்க மாட்டேங்குது” என்றார், பியானோவுக்குச் சுருதி சேர்க்க வந்தவர்.

அவள் சமையலறையில் அவருக்காகத் தேநீரை வடித்துக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது. பக்கத்து வீடு பூட்டிக் கிடந்து ஐந்து வாரம் ஆகிறது. அங்கே வாசிக்க ஆளும் இல்லை, பியானோவும் இல்லை. அங்கிருந்த ஒரே பியானோ இப்போது இவள் வீட்டுக் கூடத்தில், அதே பொதுச் சுவரை ஒட்டி, மேல்மூடி திறந்தபடி அவர் முன்னால் நிற்கிறது.

“எனக்கு ஒண்ணும் கேக்கலையே” என்று கோப்பையோடு வந்தாள்.

அவர் நடுக் கட்டை ஒன்றை அழுத்தினார். ஒலி கூடம் முழுக்கப் பரவி, அலமாரிக் கண்ணாடியில் மெல்ல நடுங்கி, பழைய மரத்தின் வாசனையோடு கலந்து தேய்ந்தது. அது தேய்ந்து முடியும் இடத்தில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அதே ஸ்வரம் வந்தது, யாரோ காத்திருந்து, கேட்டுவிட்டு, பிறகு விரலை வைத்ததுபோல.

“எதிரொலியா இருக்கும்.”

“எதிரொலின்னா அதே சுருதியில வரணும்மா. இது ஒரு நூல் இறங்கி வருது. நான் கை வைக்கிறதுக்கு முன்னாடி இந்தப் பியானோ எங்க இருந்துச்சோ, அங்க.”

அவர் குனிந்து, கம்பியை முடுக்கும் சாவியைத் திருப்பத் தொடங்கினார். அவள் தேநீரை நீட்ட மறந்து நின்றாள்.

அவள் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருப்பவள். நாற்பத்தாறு வயது, தனியாள். இசை படித்தவள் இல்லை. பக்கத்து வீட்டு டீச்சர் மாலை நேரங்களில் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுப்பதைச் சுவர் வழியாகக் கேட்டு, சின்ன கீபோர்டு ஒன்றில் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு, தடவித் தடவி விரலில் பிடிப்பாள். நான்கு வருடமாக இதுதான். ஒரு நாளாவது கதவைத் தட்டி, எனக்கும் சொல்லித் தருவீர்களா என்று கேட்டிருக்கலாம். இந்த வயதில் கேட்கக் கூச்சம். ஓசியில் திருடிப் படிக்கிறோம் என்ற குறுகுறுப்பு வேறு. படிக்கட்டில் டீச்சர் எதிரே வந்தால், சாவி தேடுகிறவள்போலப் பைக்குள் தலையை விட்டுக்கொள்வாள்.

ஐந்து வாரத்துக்கு முன்னால், ஒரு சனிக்கிழமை மத்தியானம், ஒரு பாட்டின் ஒரே இடத்தில் விரல் இடறிக்கொண்டே இருந்தது. எட்டாவது தடவையோ ஒன்பதாவது தடவையோ இடறியபோது, சுவரில் தட்டும் சத்தம் கேட்டது. மூன்று தட்டு. அவளுக்கு முகமெல்லாம் கொதித்தது. தெரிந்துவிட்டது. இத்தனை நாளும் தெரிந்தே உள்ளுக்குள் சிரித்திருக்கிறாள் அந்தப் பெண்மணி. வெட்கம் கோபமாக மாற அதிக நேரம் ஆகவில்லை. கீபோர்டின் சத்தத்தை முழுக்க ஏற்றி, அதே தப்பை வேண்டுமென்றே, திரும்பத் திரும்ப வாசித்தாள். தட்டும் சத்தம் விட்டுவிட்டு வந்தது. சாயங்காலத்துக்குள் சன்னமாகி, பிறகு நின்றுபோனது. ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டாள். அன்று நன்றாகத் தூங்கவும் செய்தாள்.

திங்கட்கிழமை பாடத்துக்கு வந்த பிள்ளைகளின் பெற்றோர்தான் கதவை உடைத்தார்கள். டீச்சர் கீழே விழுந்து, இடுப்பு முறிந்து, சுவரோரம் இறந்து கிடந்தார். சனிக்கிழமையே யாராவது பார்த்திருந்தால் பிழைத்திருப்பார் என்று மருத்துவர் சொன்னாராம்.

“உங்களுக்கு ஏதாவது சத்தம் கேட்டுச்சாக்கா?” என்று டீச்சரின் மகள் வந்து கேட்டாள்.

“சனி ஞாயிறு நான் வீட்டுலயே இல்லம்மா.”

மகள் அதற்கு மேல் கேட்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு வேறொன்று சொன்னாள். “அம்மா உங்களைப் பத்திப் பேசிட்டே இருப்பாங்க. பக்கத்து வீட்டம்மாவுக்கு எப்பேர்ப்பட்ட காது தெரியுமாடின்னு. உங்களுக்குக் கேக்கணும்னுதான் பியானோவை இந்தச் சுவரோரம் நகத்திப் போட்டாங்க. நீங்க தடுமாறுற இடத்தை உங்களுக்காகவே மெதுவா, மூணு தடவை வாசிப்பாங்க. அந்தப் பியானோ உங்ககிட்டயே இருக்கட்டும்கா.”

வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. ஏன் வேண்டாம் என்று கேட்டால் என்ன சொல்வது? நான்கு பேர் தூக்கிக்கொண்டு வந்து வைத்தார்கள். தூக்கிய குலுக்கலில் சுருதி கலைந்திருந்தது.

“பாத்தீங்களா” என்றார் சுருதி சேர்ப்பவர். நெற்றியில் வியர்வை. “நான் ஏத்த ஏத்த அங்கேயும் ஏறுது. கேட்டுக் கேட்டு ஏத்துறாங்க. நல்ல காது. ஆனா எனக்கு வேலை ஓட மாட்டேங்குது. சுவத்துல ரெண்டு தட்டு தட்டுங்கம்மா, புரிஞ்சுக்குவாங்க.”

அவள் கோப்பையை மேசைமேல் வைத்தாள்.

“தட்டுங்கம்மா.”

“வேண்டாம். பாவம், விடுங்க.”

அவரே எழுந்து, கையிலிருந்த சாவியின் மரப்பிடியால் சுவரில் தட்டினார். இருவரும் நின்று கேட்டார்கள். குளிர்பெட்டி உறுமி ஓய்ந்தது. கீழே தெருவில் ஏதோ வண்டி பின்வாங்கும் கூவல். பிறகு பதில் வந்தது. மூன்று தட்டு. அவர் தட்டிய உயரத்தில் இல்லை. தரையை ஒட்டி, சுவரின் அடியில்.

“அட, கீழே உக்காந்து தட்டுது. சின்னப் பிள்ளைங்க இருக்கா அந்த வீட்டுல?”

ஒரு வார்த்தை போதும். இல்லை என்று சொன்னால் போதும், அவரும் பயப்படுவார், இவள் தனியாகப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் இல்லை என்றால், அப்புறம் யார் இருந்தார்கள் என்று கேட்பார். என்ன ஆனார்கள் என்று கேட்பார். நீங்கள் அன்றைக்கு எங்கே இருந்தீர்கள் என்று கேட்பார்.

“இருக்காங்க” என்றாள். “ரெண்டு பேர்.”

அவர் சிரித்துக்கொண்டே மிச்ச வேலையை முடித்தார். ஜன்னலில் வெளிச்சம் மங்கி வந்தது. சாமான்களைப் பைக்குள் போட்டபடி, “ஏதாவது வாசிச்சுப் பாருங்க” என்றார். மறுத்துப் பார்த்தாள். விடவில்லை. அந்தப் பாட்டைத்தான் விரல்கள் எடுத்தன. அந்த இடத்தில் இடறின.

சுவருக்கு அந்தப் பக்கம், இடறிய இடம் மட்டும் மெதுவாகக் கேட்டது. நிறுத்தி, மறுபடியும். நிறுத்தி, மறுபடியும்.

“பாருங்களேன், சொல்லித் தர்றாங்க” என்றார் அவர், பூரித்துப்போய். “குடுத்து வச்சவங்கம்மா நீங்க.”

அவர் படியிறங்கும் சத்தம் அடங்கும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னாலேயே ஓடியிருக்கலாம். ஓடினால் எதற்கென்று கேட்பார்கள்.

கதவைச் சாத்தினாள். கூடத்தில் விளக்குப் போடக் கை போகவில்லை. பியானோவுக்குப் பக்கத்தில் சுவரோடு நெற்றியை வைத்தாள். சுவர் சில்லென்று இருந்தது.

“டீச்சர்.”

பதில் இல்லை.

“அன்னிக்கு நான் வீட்டுலதான் இருந்தேன்.”

தன் மூச்சு சுவரில் பட்டுத் திரும்பி முகத்தில் அடித்தது.

“கேட்டுச்சு டீச்சர். நீங்க தட்டினது எல்லாமே கேட்டுச்சு. என்னைக் கிண்டல் பண்றீங்கன்னு நினைச்சேன். அப்புறம்... இல்லைன்னு தோணுச்சு. சன்னமானப்பவே தோணுச்சு. அப்பவும் வரல.”

இதை அவள் தனக்குள்கூட இதுவரை சொல்லிக்கொண்டதில்லை.

அந்தப் பக்கம் ஏதோ இழுபட்டது. துணி தரையில் உரசும் சத்தம். ஒரு இழுப்பு. ஓய்வு. ஒரு இழுப்பு. ஓய்வு. உடம்பின் பாதியை மட்டும் வைத்துக்கொண்டு நகர்கிற ஒன்று. சுவரை நோக்கி.

சுவர்வரை வந்தது.

நிற்கவில்லை.

இப்போது சத்தம் இந்தப் பக்கம். தரையில். அவள் காலுக்கு ஒரு முழம் தள்ளி. பியானோவுக்கு அடியில், பெடல்கள் இருக்கும் இருட்டில். அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். கீழே பார்க்கவில்லை. கட்டைகளைப் பார்த்தாள். அவை மட்டும்தான் வெளுப்பாகத் தெரிந்தன.

இடது ஓரத்தில் நான்கு கட்டைகள் இறங்கின. ஒன்றாக. ஆழமான, அடிவயிற்றில் இறங்கும் ஒலி. இறங்கியவை எழவில்லை. ஒரு கை பிடித்துத் தொங்கும் அகலம்.

மரம் முனகியது.

வலது பக்கம் நான்கு.

எல்லாம் சுருதி சுத்தமாக ஒலித்தன. ஒரு பிசிறு இல்லை.

மறுபடியும் மரம் முனகியது. பாரம் ஏறுகிறது. மெல்ல. மிக மெல்ல.

பிறகு, இரண்டு கைகளுக்கும் நடுவே, சத்தமே வராத மென்மையில், இன்னும் சில கட்டைகள் தாழ்ந்தன. களைத்துப்போன ஒருவர் கன்னத்தைச் சாய்த்து வைக்கும் அகலம்.

அவள் நின்ற பக்கமாகத் திரும்பி.