ரோஜாவுக்கு அடியில் பூண்டு

“பூச்சி மருந்து அடிச்ச பூவைச் சாத்தினா அம்மனுக்கு மயக்கம் வராதா சாமி?”

தோட்டக்காரி காசியம்மாளின் மகள் கவிநிலா, சிறுமியாக இருந்தபோது கபாலி குருக்களைக் கேட்ட கேள்வி இது. அன்று எல்லோரும் சிரித்தார்கள்.

இன்று குருக்கள் வீட்டுக் கொல்லையில், அதே தோட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. குருக்களின் மனைவி ஹைமவதி, காலில் பூசிய மஞ்சள்கூடக் காயாமல், ஓய்வுபெற்ற ஏட்டு கோதண்டராமனை வரவழைத்திருந்தாள்.

“பாருங்கோ சார்! அம்மனுக்குப் போற ரோஜா. அதுக்கடியில பூண்டு, போன வாரம் நட்டது! எங்காத்துப் படி பூண்டு ஏறாது. இங்க அதைச் சாப்பிடறவ இவ ஒருத்திதான். இன்னியோட நின்னுக்கட்டும்.”

“நான் போன வாரம் ஊர்லயே இல்லீங்க,” என்றாள் காசியம்மாள். இந்த வேலை போனால் வேறு பிழைப்பு இல்லை. இடுப்புக் குடத்தை இறக்கவும் தோன்றாமல் நின்றாள்.

ஏட்டய்யாவோடு சுற்றிச் சுற்றி, ஆட்டோ ஓட்டும் கோபிக்கும் துப்பறியும் ஆசை தொற்றியிருந்தது. “இவங்க டிபன் பாக்ஸைத் திறந்தா ஸ்டாண்டு வரைக்கும் மணக்கும் சார்,” என்று கிசுகிசுத்தான்.

கோதண்டராமன் ஒரு பூண்டைத் தோண்டினார். முளை கீழே இறங்கி, கொக்கிபோல் வளைந்து மேலேறியிருந்தது. அடுத்ததும் அப்படியே. சுவரில் தொங்கிய மருந்துத் தெளிப்பானில் சிலந்தி வலை.

“இதை யாரும்மா அடிப்பாங்க?”

“இவர்தான்,” என்று கணவரைக் காட்டினாள் ஹைமவதி.

ஏட்டய்யா கோபியைக் கடைக்கு அனுப்பிப் பூண்டு வாங்கினார். “ஒரு பல்லு நடு, பாப்போம்.”

கோபி நட்டான்.

“கூர் முனையை ஏன் மேல் பக்கமா வெச்ச?”

“வேற எப்படி சார்? முளை அங்கதானே வரும்!”

“இங்க எல்லாமே தலைகீழ். தினம் பூண்டு உரிக்கிற கை இப்படி நடாது. பூண்டையே தொட்டறியாத கை நட்டது இது. மருந்தடிக்கவும் மனசு வராத கை.”

குருக்கள் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். “நான்தான். ஆசிரமத்துப் பக்கம் தங்கியிருக்கற வெள்ளைக்காரம்மா சொன்னா, பூண்டு இருந்தா பூச்சி அண்டாதுன்னு. அந்தக் குழந்தை கேட்டது மனசை விட்டுப் போகலை.”

“அவளை நான் திட்டறச்சே வாயில என்ன வெச்சிருந்தேள்?”

“பயம்தான்.”

மறுநாள் விடிகாலை காசியம்மாள் வந்தபோது, ரோஜாப் பாத்திகள் எல்லாம் நனைந்திருந்தன. பூண்டை யாரும் பிடுங்கவில்லை. கிணற்றுக் கல்லில் மஞ்சள் பூசிய பாதத்தின் ஈரத்தடம் ஒன்று, வீட்டுப் பக்கம் பார்த்துக் கிடந்தது.

காசியம்மாள் ஒரு குடம் இறைத்து, யாரும் வருமுன் அதைக் கழுவிவிட்டாள்.