டிலக்ஷியின் பெரிய சொற்கள்

மானிப்பாயில் எங்கள் ஒழுங்கையில் இப்போது சாதாரண மழை பெய்வதில்லை. டிலக்ஷியின் வாயில் கொட்டுகிற மழையெல்லாம் 'டொரென்ஷியல்' மழைதான். பதினொரு வயது அவளுக்குச் சாதாரணமாகப் பசிப்பதுமில்லை. "அம்மா, நான் ஃபமிஷ்ட்" என்பாள். தாய் தர்சினி ஒன்றும் விளங்காமலே சோறு போடுவாள்.

இந்த இங்கிலிசு எல்லாம் எதற்கு? லண்டனிலிருந்து அவளுடைய பெரியம்மாவின் மகள் மதுரா வருகிறாள். அவளோடு சிநேகமாகி, கோயில் திருவிழாவுக்குச் சேர்ந்து போகவேண்டும். டிலக்ஷியின் ஆசை அதுதான். வேலிக்கு இந்தப் பக்கம் இருக்கிற எனக்கே தெரிந்த சங்கதி.

ஒன்பது வயது மதுரா தாயோடு வந்து இறங்கினாள். டிலக்ஷி பாடமாக்கிய பெரிய சொற்களை எல்லாம் வாசலிலேயே கொட்டினாள். மதுரா திருதிருவென்று விழித்துவிட்டு, அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

"உன்ரை இங்கிலிசுக்குப் பயந்திட்டாள் போல," என்றாள் தர்சினி.

"என்னோடை திருவிழாவுக்கு வராட்டி என்னம்மா செய்யிறது?"

பின்னேரம் சொந்தக்காரர் வந்தார்கள். கறிவேப்பிலை கேட்கிற சாட்டில் நானும் போனேன். மதுராவை நடுவில் இருத்தியாயிற்று.

"பிள்ளைக்குத் தமிழ் தெரியுமோ?" என்றார் இரத்தினம்மா மாமி. "எங்கை, ஏதும் கதையுங்கோ பாப்பம்."

"நான்... சோறு... குடிச்சனான்," என்றாள் மதுரா.

வீடே சிரித்தது. மதுராவின் காதுகள் சிவந்தன. டிலக்ஷி மட்டும் சிரிக்கவில்லை. வாசலில் தான் வைத்ததும் இதே சோதனைதான் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"மாமி," என்றாள் பணிவாக, "நீங்கள் ஒரு வசனம் இங்கிலிசிலை சொல்லுங்கோவன். பிறகு குகதாசன் மாமா சொல்லட்டும்."

மாமா தேத்தண்ணிக் கோப்பைக்குள் எதையோ தேடினார். மாமிக்கு வீட்டு அடுப்பில் பால் வைத்தது ஞாபகம் வந்தது. எனக்கும் திடீரென்று வேலை இருந்தது.

மறுநாள் வேலிக்கு அந்தப் பக்கம் இரண்டு குரல்கள்.

"அக்கா, மரத்திலை அது என்ன?"

"அணில். இங்கிலிசிலை?"

"ஸ்குவிரல்."

டிலக்ஷி ஐந்தாறு தரம் சொல்லிப் பார்த்தாள். ஒன்றும் சரிவரவில்லை. "உந்தச் சின்னப் பிராணிக்கு இவ்வளவு கஷ்டமான பேரே?"

மதுரா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். டிலக்ஷியும் சிரித்தாள்.

அன்று மாலை திருவிழாவில் இருவரும் கைகோத்து நின்றார்கள். ஐஸ்கிரீம் வானுக்கு முன்னால் மதுரா ஒரு நிமிடம் யோசித்தாள்.

"அண்ணை, எங்களுக்கு ரெண்டு தாங்கோ."

வான்காரர் சோதிக்கவுமில்லை, சிரிக்கவுமில்லை. இரண்டு கோன்களை நீட்டினார்.