பங்கில்லாச் சனத்தின் பந்தி

இந்த அடுப்புகள் கடைசியாக எரிந்து எண்பது வருடமாகிறது என்று சமையற்கூடத்தின் வாசற்பலகையில் எழுதியிருந்தது. அதை வாசித்துக்கொண்டு நின்ற நிறஞ்சனாவின் மூக்கில் சோறு வடிக்கிற மணம் ஏறியது. புழுங்கலரிசிக் கஞ்சியின் சூடான, இலேசாகப் புளித்த மணம். சுற்றிவர வீடு எதுவும் இல்லை. வெளியே தலையறுந்த பனைகளும், அதற்கப்பால் வெயிலில் உப்புப் பூத்துக் காய்ந்து கிடந்த களப்பும்தான்.

"இஞ்சருங்கோ, உள்ளுக்கு ஆரோ சமைக்கினம் போல கிடக்கு."

அவளுடைய கணவன் ஸ்ரனிஸ்லஸ் அடுத்த மண்டபத்துக்குப் போய்விட்டிருந்தான்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விடிய வெள்ளன முல்லைத்தீவிலிருந்து மோட்டார் சைக்கிளில் கிளிநொச்சிக்குப் போய், காணிக் கந்தோர் வாங்குப்பலகையில் மத்தியானம் வரை குந்தியிருந்துவிட்டு வருகிறார்கள். கரையோரத்தில் இருந்த அவர்களின் வளவு, சண்டை முடிந்ததிலிருந்து ஆமியின் முட்கம்பிக்கு அந்தப் பக்கம் கிடக்கிறது. அதிகாரி ஐயா கூட்டத்துக்குப் போய்விட்டார், அடுத்த கிழமை வாங்கோ என்றார்கள். இந்த அடுத்த கிழமையைக் கேட்டுக் கேட்டே, இடுப்பில் இருந்த மகள் சாதாரணதரப் பரீட்சை எழுதும் பிள்ளையாகிவிட்டாள்.

திரும்பும் வழியில் ஸ்ரனிஸ்லஸ் ஒரு கிரவல் ஒழுங்கையின் முகப்பில் 'சீடன்குடா நூதனசாலை' என்ற பலகையைக் கண்டதும், கேட்காமல் கொள்ளாமல் மோட்டார் சைக்கிளைத் திருப்பினான். ஐஞ்சு நிமிசம் என்றான். அவனுடைய ஐந்து நிமிடம் எவ்வளவு நீளும் என்று அவளுக்குத் தெரியும்.

அவள் அடுத்த மண்டபத்துக்குப் போனபோது, வெள்ளைச் சேலை கட்டிய நடுவயதுப் பெண் ஒருத்தி அவனுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஞானமலர் என்று பெயர் சொன்னாள். பழைய கட்டடங்களைக் காட்சிக்கு வைத்த அந்த நூதனசாலையைப் பார்த்துக்கொள்பவள் அவள்தானாம். அந்தக் காலத்தில் சில குடும்பங்கள் வேதாகமத்தில் சொன்னபடி வாழப்போகிறோம் என்று ஊரையும் கோவிலையும் விட்டு இந்தக் களப்போரத்துக்கு வந்தார்களாம். ஒரே உலை. ஒரே மணி. ஒரே அளவில் தைத்த உடுப்பு. புருசன், பெண்சாதி என்றில்லை, வந்த அன்றிலிருந்து எல்லாரும் சகோதரர், சகோதரி. தங்களுக்கென்று எதிலும் பங்கு கேட்காததால் அக்கம்பக்கத்தில் 'பங்கில்லாச் சனம்' என்றார்களாம்.

"காணி ஆற்ர பேரில இருந்தது?" ஸ்ரனிஸ்லஸ் கேட்டான்.

"ஒருத்தற்ர பேரிலயும் இல்லை."

"அப்ப ஆரும் பறிக்கேலாது."

"இல்லாததை எப்பிடித் தம்பி பறிக்கிறது?"

அவன் சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து எத்தனையோ காலம். நிறஞ்சனாவுக்கு அதுவும் எரிச்சலாக இருந்தது. பலகையில் எழுதியிருக்கிற கதைக்குச் சிரிக்கிறான், வீட்டில் ஒரு சொல் கதைக்க ஆளில்லை.

அடுத்தது படுக்கைக் கூடம். நீளமான அறை, உயரத்தில் சின்னச் சின்ன யன்னல்கள். வரிசையாக விரித்த பாய்களின் மேல் மங்கிய வெயில் சாய்ந்து கிடந்தது. பழைய ஓலை மணம்தான் வரும் என்று நினைத்துக்கொண்டு போனவளுக்கு, தேங்காயெண்ணெய் தேய்த்த தலைகளின் மணமும், இப்போதுதான் எழுந்துபோன ஆட்களின் வியர்வை மணமும் முகத்தில் அடித்தன. அவள் குனிந்து ஒரு தலையணையைத் தொட்டாள். ஈரமாக இருந்தது. எச்சில் ஈரம்.

சட்டென்று கையை எடுத்துப் பாவாடையில் துடைத்தாள்.

"நாங்கள் மணி அடிச்ச உடன எழும்பிடுவம்," என்றாள் ஞானமலர். "பாய் சுத்துறதுக்கு முன்னம் செபம்."

"நீங்கள் எந்த ஊர் அக்கா?"

"நாங்கள் இஞ்சதான்."

"நாங்கள் எண்டால் ஆரார்? வேற ஒருத்தரையும் காணேல்லையே."

ஞானமலர் அன்பாகப் பார்த்தாள். சுவருக்கு அப்பால் தட்டுகள் வைக்கிற சத்தம் கேட்டது. ஒன்றன் பின் ஒன்றாக, அவசரமில்லாமல், மரத்தில் தகரம் படுகிற சத்தம். ஸ்ரனிஸ்லஸ் அந்தப் பக்கமாகத் தலையைச் சாய்த்து, மழைச்சத்தம் கேட்கிறவனைப்போல நின்றான்.

"சண்டையில சுத்துவட்டாரத்தில ஒரு சுவர் மிஞ்சேல்லை," என்றாள் ஞானமலர். "இஞ்ச ஓடுகூட உடையேல்லை. ஏனெண்டு கேக்கிறியளோ?"

"வேண்டாம்," என்றாள் நிறஞ்சனா. "நேரம் போட்டுது. இஞ்சருங்கோ, வாங்கோ. பிள்ளை தனிய நிக்கும்."

"நீ போ. வாறன்."

"எப்ப வாறியள்?"

"வாறன் எண்டு சொல்லுறனெல்லே."

அவள் விறுவிறுவென்று வெளியே வந்தாள். மோட்டார் சைக்கிளின் இருக்கை கொதித்தது. ஹோர்னை அமத்தினாள். திறப்பு போடாமல் சத்தம் வரவில்லை, அது அவனிடம். மகளுக்கு எடுக்கலாமென்றால் போனில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. கந்தோரிலும் காத்திருப்பு, இங்கேயும் காத்திருப்பு. இந்த மனிதனைக் கட்டிய நாளிலிருந்து யாராவது ஒருவருடைய வாசலில் நின்றுகொண்டேதான் இருக்கிறாள். கோபத்தில் கண் கலங்கியது. பனை நிழல் நீண்டு அவளுடைய காலடிக்கு வந்த பிறகும் அவன் வரவில்லை.

திரும்ப உள்ளே போனாள்.

படுக்கைக் கூடத்தில் ஒருவருமில்லை. பாய்களைக் காணவில்லை. எல்லாம் சுற்றிச் சுவரோடு நிறுத்தப்பட்டிருந்தன. உடுப்புகள் தொங்கிய அடுத்த அறையிலும் ஞானமலர் இல்லை. கூப்பிட்டாள். தன்னுடைய குரல் ஓடுகளுக்குள் போய் மெல்ல அடங்குவதைக் கேட்டாள்.

அப்போது மணி அடித்தது.

ஒரே ஓர் அடி. நெஞ்சுக்குள் அடித்தது போலிருந்தது. அதன் பின்னால், வெறுங்கால்கள். நிறையக் கால்கள். அவளுக்கு முன்னாலும் பின்னாலும் சீமெந்தில் உரசிக்கொண்டு ஒரே பக்கமாகப் போயின. அவள் சுவரோடு ஒட்டி நின்றாள். ஒரு காற்று அவளைக் கடந்தது. எண்ணெயும் வியர்வையும் மணத்தது.

கண்ணுக்கு ஒருவருமில்லை.

சாப்பாட்டுக்கூடத்தின் கதவு திறந்திருந்தது. இந்தச் சுவரோரமாக ஆண்களின் நீண்ட வாங்கு, எதிர்ச்சுவரோரமாகப் பெண்களின் வாங்கு. பார்க்க வருகிறவர்கள் இருந்துவிடாதபடி இரண்டையும் மறித்துக் கட்டிய கயிற்றைக் கழற்றிச் சுருட்டி வைத்திருந்தார்கள். ஆண்களின் வாங்கில் ஸ்ரனிஸ்லஸ் இருந்தான். தலை குனிந்து. கைகள் மடியில். வெறும் வாங்கில் அவன் மட்டும்தான். ஆனாலும் இரண்டு பக்கமும் ஆள் நெருக்கினதுபோலத் தோள்களைக் குறுக்கிக்கொண்டு இருந்தான்.

முன்னால் தட்டு. தட்டில் ஆவி.

"எழும்புங்கோ."

அவன் அசையவில்லை.

"விளையாடாதேங்கோ. திறப்பைத் தாங்கோ, நான் போறன்."

அவன் உள்ளங்கைகளை விரித்துக் காட்டினான். வெறுமை.

"எங்க விட்டனீங்கள்?"

"நாங்கள் ஒண்டும் வைச்சிருக்கிறேல்லை," என்றான்.

குரல் அவனுடையதுதான். சொன்ன விதம் அவனுடையதல்ல. அவள் அவனுடைய சேர்ட் பையைத் துழாவினாள். போன் இல்லை. பேர்ஸ் இல்லை. காலையிலிருந்து நெஞ்சுக்குக் குறுக்கே மாட்டிக்கொண்டு திரிந்த காணிக் கடுதாசிப் பையும் இல்லை.

"கடுதாசி எங்க? ஐயோ, எங்கட காணிக் கடுதாசி எங்க?"

"வேண்டாம்." அவன் மெல்லச் சொன்னான். "அலைஞ்சது காணும்."

அவனுடைய முகத்தில் களைப்பு இல்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அவனுடைய கையைப் பிடித்துப் பலமாக இழுத்தாள். வாங்கு முழுவதும் முனகியது. ஒருவனுடைய பாரமல்ல அது. அந்தக் கோடி வரை கை கோத்துக்கொண்டு இருக்கிறவர்களை இழுப்பது போலிருந்தது.

அவள் விட்டுவிட்டாள்.

அப்போதுதான் கேட்டது. மெல்லுகிற சத்தம். வாங்கு நெடுக. ஈரமாக, நிதானமாக, எல்லா வாயும் ஒரே தாளத்தில். ஸ்ரனிஸ்லஸின் தாடையும் அதே தாளத்தில் அசைந்தது.

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். கோபமில்லை. வழி தெரியாமல் வந்த யாரோ ஒருத்தியைப் பார்க்கிற இரக்கம்.

"இருங்கோ சகோதரி," என்றான். "சோறு ஆறுது."

அவளுக்குள் அன்று முழுவதும், அத்தனை வருடங்களும் அடைபட்டுக் கிடந்தது வெடித்தது.

"என்ர மனிசனை விடுங்கோ!" என்று கத்தினாள். "இவர் என்ர மனிசன்! என்ர!"

மெல்லுகிற சத்தம் நின்றது.

முழுவதும். ஒரே கணத்தில்.

வாங்கு நெடுகிலும் பல முகங்கள் தன் பக்கம் திரும்புவதை அவள் தோலால் உணர்ந்தாள். ஸ்ரனிஸ்லஸ் வெட்கத்தோடு தலையைக் குனிந்துகொண்டான். அவளுக்காக வெட்கப்படுவதுபோல.

கதவு திறந்துதான் இருந்தது. முற்றமும் பனைகளும் தெரிந்தன. ஒருவரும் தடுக்கவில்லை. கால் எழும்பவில்லை.

முதுகுக்குப் பின்னால் ஒரு முனகல். மரம்.

திரும்பினாள்.

பெண்களின் வாங்கில் தடிப்பாகத் தூசி படிந்திருந்தது. அந்தத் தூசி ஒரு கோடியிலிருந்து அழியத் தொடங்கியது. ஒரு சேலை அகலம். பிறகு அடுத்தது. பிறகு அடுத்தது. இருக்கிறவர்கள் எழும்பாமல் அரக்கி நகர்ந்து ஒருவரோடொருவர் ஒட்டிக்கொள்வதுபோல, மெல்ல, மரியாதையாக.

பிறகு அசைவு நின்றது.

வாங்கின் நடுவில் ஓர் ஆள் இருக்கக்கூடிய இடம். கண்ணுக்குத் தெரியாத ஒரு கை அந்த இடத்தைப் பளபளவென்று துடைத்துக்கொண்டிருந்தது.