எலுமிச்சைக்குப் பக்கத்தில் ஒரு ஈ

"ஐயோ... யாராவது வாங்களேன்...!"

வீடு கூட்ட வந்தவள் அலறிய அலறலில் தெருவே திரும்பிப் பார்த்தது.

சாப்பாட்டு மேஜையில் சரிந்து கிடந்தார் வீட்டுக்காரர். செத்து மூன்று நாள்! எதிரே அழுகிய சிப்பிகள்... பாதி உரித்த எலுமிச்சை... கவிழ்ந்த வெள்ளிக் கோப்பை.

பெண் இன்ஸ்பெக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே வந்தாள்.

"மேடம்... சுவத்தைப் பாருங்க!" என்றார் ஏட்டு.

பழைய டச்சு ஓவியம். அதே சிப்பி. அதே எலுமிச்சை. அதே கோப்பை!

தகவல் சொன்னதும் செத்தவரின் தம்பி வந்தார். ஓவியக் கல்லூரிப் பேராசிரியர். வாசலிலேயே நின்றுவிட்டார். அங்கிருந்து அந்தச் சுவர் தெரியாது.

"அண்ணனோட சண்டை மேடம். பத்து வருஷமா இந்தப் படியை மிதிக்கல."

"உள்ளே மாட்டியிருக்கிற டச்சுப் படம் மாதிரியே மேஜையும் இருக்கு. அதுக்கு என்ன சார் அர்த்தம்?"

"சிப்பின்னா ஆசை. எலுமிச்சை... வெளியே மினுக்கு, உள்ளே புளிப்பு. கவிழ்ந்த கோப்பை, முடிஞ்சு போன வாழ்க்கை. இடது பக்கத்துலேருந்து வெளிச்சம் வந்து எலுமிச்சைத் தோல் மேல உக்காந்திருக்கிற ஈயைத் தொடும் பாருங்க... அபாரம்! ஈன்னா அழுகல். அதே மாதிரி மேஜையை அடுக்கி வெச்சிட்டு அண்ணன் போயிட்டான். தற்கொலைதான்!"

உள்ளே அண்ணன் நாறிக் கிடக்கிறார்... வாசலில் தம்பி வகுப்பெடுக்கிறார்!

ஓவியத்தைச் சுத்தம் செய்து கொடுத்த பெண்ணையும் இன்ஸ்பெக்டர் வரச் சொல்லியிருந்தாள். அவள் அதைக் கேட்டுக்கொண்டே படியேறினாள்.

"ஈ இருக்கிறது உங்களுக்கு எப்படி சார் தெரியும்? அது அழுக்குக்கு அடியில மறைஞ்சிருந்தது. போன வாரம் நான் துடைச்சப்பதான் வெளியே வந்தது. திங்கட்கிழமை நானே கொண்டு வந்து மாட்டினேன்!"

திங்கட்கிழமை... அவர் செத்த நாள்!

இன்ஸ்பெக்டர் பேராசிரியரின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"படியே மிதிக்காத ஆள் எப்படி சார் பார்த்தீங்க?"

பேராசிரியர் கையை உதறப் பார்த்தார்.

"அவனுக்கு அது வெறும் பழத்தட்டு மேடம்! கேட்டா தரமாட்டேன்னான். அவன் போனா வாரிசு நான்தான். சமாதானம் பேச வந்தேன்னு சொல்லி... படத்துல இருக்கிற மாதிரியே மேஜையை அடுக்கி, சிப்பியில விஷம் வெச்சேன். சந்தோஷத்துல அழுதுகிட்டே சாப்பிட்டான்."

ஓவியத்தைத் துடைத்தவள் கத்தினாள்.

"பாவி... அடுத்த வாரம் உங்க பொறந்த நாளாமே! உங்களுக்குக் கொடுக்கத்தான்யா துடைக்கச் சொன்னாரு!"

பேராசிரியர் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

"அப்ப... படம் எனக்குத்தானே?"

இன்ஸ்பெக்டர் ஓரமாகப் போய்க் காறித் துப்பிவிட்டு வந்தாள்.

"ஜெயில் சுவத்துல ஆணி அடிக்க விடமாட்டாங்க சார்!"