ஒன்பதாம் மாத வளையல்

வாசலில் பந்தல் கட்டியாகிவிட்டது. தேவானை மட்டும் உள்ளே வராமல் கதவோரமாகவே நின்றாள். மருமகள் ஜெயபாரதிக்கு அன்று ஏழாம் மாத வளைகாப்பு. அடையாறு ஆற்றோரத்து அந்த ஒற்றை அறை வீட்டில், சொந்தக்காரர்களோடு நெருக்கியடித்து உட்காருவதை நினைத்தாலே அவளுக்குக் கதிகலங்கியது.

"நா வரலம்மா. உங்கம்மாவே மொதல்ல வளையல் போடட்டும்."

ஜெயபாரதிக்குப் பொங்கிவிட்டது. "என்மேல இன்னா அத்தே கோவம்? மாசக்கணக்கா பக்கத்துல வந்து குந்தறதில்ல... வாசல்லயே படுத்துக்கற! லவ் பண்ணி வந்தவன்னுதான ஒதுக்கற?"

"ஐயோ, அப்டி சொல்லாத கண்ணு!" தேவானை உடைந்து அழுதாள். கட்டிய புருஷனிடம்கூடச் சொல்லாததை மருமகளிடம் சொன்னாள். "கர்ப்பப்பைய எடுத்தாங்களே... அதுலருந்து மூத்திரம் கீழ தானா ஒழுகிக்கினே கீது. எத்தினி துணி வெச்சாலும் நிக்கல. தொடையெல்லாம் வெந்துபோச்சி. தண்ணி குடிச்சாதான ஒழுகும்னு அதையும் வுட்டுட்டேன். இந்த நாத்தத்தோட புள்ளத்தாச்சி பக்கத்துல எப்டி குந்துவேன்?"

ஜெயபாரதி கண்ணைத் துடைத்துக்கொண்டு மாமனார் கனகராஜைக் கூப்பிட்டாள். "மாமா, பந்தல அவுக்க சொல்லு! ஏழு இல்லன்னா ஒம்போதாவது மாசம். அத்த இல்லாத வளைகாப்பு எனக்கு வேணாம்!"

விஷயம் தெரிந்ததும் கனகராஜ் தலையில் அடித்துக்கொண்டார். "என்னாண்ட சொல்லக் கூடாதாடி? நீ ஒதுங்கி ஒதுங்கிப் போனத நா இன்னாவோ நெனச்சிக்கினு உன்ன திட்டிட்டேனே..."

மறுநாள் ஆஸ்பத்திரியில் டாக்டர் வஜீஹா தேவானையின் சிறுநீர்ப் பைக்குள் நீல மருந்து செலுத்திப் பார்த்தார். பிறப்புறுப்பில் வைத்த பஞ்சு நீலமாக வந்தது.

"ஆபரேஷன்ல மூத்திரப் பைக்கும் பிறப்புறுப்புக்கும் நடுவுல ஓட்டை விழுந்திருக்கும்மா. உங்க தப்பு இல்ல, தைச்சிடலாம். ஆனா தண்ணிய நிறுத்தாதீங்க. மூத்திரம் கெட்டியானா நாத்தமும் எரிச்சலும் ஜாஸ்திதான் ஆகும்."

தான் தாகத்தோடு கிடந்ததெல்லாம் வீண்தானா என்று தேவானைக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது.

தையல் போட்ட பிறகு குழாயும் பையுமாகச் சில வாரங்கள் போயின. பிள்ளை வயிற்றோடு அந்தப் பையைப் பிடித்துக்கொண்டு ஜெயபாரதி கூடவே நடந்தாள். குழாயை எடுத்த அன்று தேவானை பயந்து பயந்து புடவையைத் தொட்டுப் பார்த்தாள். ஈரமே இல்லை!

ஒன்பதாம் மாதம் மறுபடியும் பந்தல் போட்டார்கள். "மாமியாக்காரிக்குப் புடிக்காமத்தான் அன்னிக்கு நிறுத்திட்டாங்க" என்று பேசியவர்களுக்கு நடுவிலேயே தேவானை நிமிர்ந்து உட்கார்ந்தாள். முதல் வளையலை அவளே போட்டாள். ஜெயபாரதி அவளை இழுத்துக் கட்டிக்கொண்டாள். தேவானை விலகவில்லை. வயிற்றுப் பிள்ளை உதைத்தது அவளுக்கும் பட்டது.